பெயிண்ட் அடித்த எஞ்சினைத் திரும்பப் பூட்டுவது: மோரிஸ் மைனர்காரர்கள் கேட்கும் கேள்விகள்

பழைய மோரிஸ் மைனர் வைத்திருக்கும் நண்பர்கள் எஞ்சினைப் பிரித்து, கழுவி, பச்சைப் பெயிண்ட் அடித்த கையோடு என்னைக் கூப்பிடுவார்கள். குரலில் கல்யாண வீட்டுச் சந்தோஷம் இருக்கும். "எல்லாம் பளபளன்னு இருக்குங்க, பூட்ட ஆரம்பிக்கட்டுமா?" என்பார்கள். மூன்று வாரம் கழித்து அதே நண்பரிடமிருந்து இன்னொரு அழைப்பு வரும். ஸ்டார்ட்டர் சுற்ற மாட்டேன் என்கிறது, ஹெட் ஓரத்தில் தண்ணீர் கசிகிறது, முன்பக்கம் ஆயில் வடிகிறது. இந்த மூன்றுக்கும் பல சமயம் ஒரே காரணம்தான் இருக்கும்: உலோகம் உலோகத்தைத் தொட வேண்டிய இடத்தில் பெயிண்ட் புகுந்திருக்கும்.

ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து வைக்கிறேன். அளவுகள் எல்லாம் 1956-ல் மைனர் 1000-உடன் வந்த 948 சிசி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) ஏ-சீரிஸ் எஞ்சினுக்கானவை. அம்பாசடரின் பழைய 1489 சிசி எஞ்சின் பி-சீரிஸ். அதுவும் அதே பி.எம்.சி. குடும்பம்தான் என்பதால் இங்கே சொல்லும் முறை அதற்கும் பொருந்தும். ஆனால் முறுக்கு அளவுகளை அந்தந்த வண்டியின் மேனுவலில் பார்த்தே வையுங்கள்.

பெயிண்ட் அடித்து எத்தனை நாள் கழித்துப் பூட்டலாம்?

தொட்டால் ஒட்டவில்லை என்பதும், உள்ளே இறுகிவிட்டது என்பதும் வேறு வேறு. சாதாரண எனாமல் சில மணி நேரத்தில் மேலே காய்ந்துவிடும். அடியில் இருக்கும் தின்னர் முழுக்க வெளியேறி, ஸ்பேனர் பட்டாலும் தாங்கும் அளவுக்கு இறுகக் குறைந்தது ஒரு வாரம் ஆகும். கனமாக அடித்திருந்தால் இரண்டு மூன்று வாரம்கூட எடுக்கும். சித்திரை வெயிலில் அடித்ததும் ஐப்பசி மழையில் அடித்ததும் ஒரே மாதிரி காயாது. மழைக்காலத்தில் நாட்களை இரட்டிப்பாக எண்ணிக்கொள்ளுங்கள்.

சோதிக்க எளிய வழி உண்டு. கண்ணில் படாத இடத்தில் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னும் ஆகவில்லை. மூக்கை அருகே கொண்டுபோனால் தின்னர் வாசனை வருகிறதா? அப்போதும் ஆகவில்லை. அவசரமென்றால் டைமிங் கவர், டாப்பெட் கவர் போன்ற சின்னத் தகட்டுச் சாமான்களை, வாசனை போய் நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு தகரப் பெட்டிக்குள் 60 வாட் குண்டு பல்பு எரியவிட்டு ஓரிரு நாள் வைக்கலாம். ஈரம் மாறாத பெயிண்டை மட்டும் அப்படி வைக்காதீர்கள், அந்த ஆவி தீப்பிடிக்கும்.

ஹார்டனர் கலந்த இரண்டு டப்பா பெயிண்ட் சீக்கிரம் இறுகும், பெட்ரோலையும் தாங்கும். ஆனால் பலவற்றின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற, மூச்சுக்குக் கெடுதலான ரசாயனம் இருக்கிறது. சாதாரண துணி மாஸ்க் அதற்குப் போதாது. அந்த வேலையை முறையான பெயிண்ட் கடையிடம் கொடுத்துவிடுங்கள்.

எந்தெந்த இடத்தில் பெயிண்ட் இருக்கவே கூடாது?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் தொல்லைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

முதலாவது, பேக்கிங் (கேஸ்கெட்) உட்காரும் எல்லாப் பரப்புகளும். பிளாக்கின் மேல் தளம், ஹெட்டின் அடித்தளம், வாட்டர் பம்ப் உட்காரும் இடம், தெர்மோஸ்டாட் கூடு, மேனிஃபோல்டு, ஆயில் சம்ப்பின் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) விளிம்பு எல்லாம் இதில் அடங்கும். பேக்கிங்கும் பெயிண்டும் ஒன்றின்மேல் ஒன்று இருந்தால், எஞ்சின் சூடாகும்போது பெயிண்ட் இளகி நசுங்கும். நசுங்கிய அளவுக்கு போல்ட் தளர்ந்துவிடும்.

அதே காரணத்தால் நட்டும் வாஷரும் உட்காரும் வட்டங்களிலும் பெயிண்ட் ஆகாது. பலர் மறப்பது இதைத்தான். நானும் என் முதல் எஞ்சினில் ஹெட் நட் உட்காரும் இடத்தைச் சுரண்டாமல் விட்டேன். டார்க் ரெஞ்ச் சரியான அளவில்தான் கிளிக் சொன்னது. 300 கிலோமீட்டர் ஓடிய பிறகு பிளாக்கின் பச்சையின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வடிந்திருந்தது. நட்டுகளைச் சோதித்தால், ஒன்பதில் நான்கு நட்டுகள், ஒவ்வொன்றும் கால் சுற்றுக்கு மேல் இறங்கின. இழுவிசை முழுக்கப் பெயிண்ட் படலத்தில் கரைந்து போயிருந்தது. மறுபடி ஹெட்டை இறக்கி, புது பேக்கிங் வாங்கிப் போட்டேன்.

அடுத்தது மின்சாரம் போகும் இடங்கள்: ஸ்டார்ட்டர் மோட்டார் உட்காரும் முகம், டைனமோ பிராக்கெட், டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப், எர்த் பட்டை பிடிக்கும் போல்ட். இவற்றுக்கு கீழே தனிக் கேள்வியே இருக்கிறது.

ஃபேன் பெல்ட் ஓடும் புல்லியின் பள்ளத்திலும் பெயிண்ட் வேண்டாம். பெல்ட் அதைத் தேய்த்துப் பிசின் மாதிரி ஆக்கி, வழுக்க ஆரம்பிக்கும். அதே புல்லியின் ஓரத்தில் டைமிங் பார்ப்பதற்காக ஒரு சின்ன வெட்டு இருக்கும், டைமிங் கவரில் அதற்கு எதிரே கூரான முனைகள் இருக்கும். அந்த வெட்டைப் பெயிண்டால் மூடிவிட்டால் பிறகு டைமிங் வைக்கும்போது தேடி அலைய வேண்டும். வெட்டைச் சுரண்டிவிட்டு, ஒரு குச்சி முனையில் வெள்ளைப் பெயிண்ட் தொட்டு வைத்துவிடுங்கள்.

கடைசியாக, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு, அதில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கும். வண்டி ஆடும்போது அதுவும் ஆடி, ஓட்டை அடையாமல் பார்த்துக்கொள்வதற்காக வைத்தது. அதைப் பெயிண்டால் ஒட்டிவிட்டால் உள்ளே கசியும் ஆயில் தேங்கி கிளட்சில் ஏறும்.

தெரியாமல் எல்லா இடத்திலும் அடித்துவிட்டேன். எப்படி எடுப்பது?

வெட்டுக் கத்தியால் முதலில் எல்லைக்கோடு போடுங்கள். பேக்கிங் பரப்பு முடியும் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய கீறல். அது இல்லாமல் சுரண்டினால், உள்பக்கப் பெயிண்ட் வெளிப்பக்கத்தையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். கீறல் போட்ட பிறகு தின்னரில் நனைத்த துணியை அந்தப் பரப்பில் மட்டும் அழுத்தி, ஊறவைத்து, பித்தளைத் தகட்டின் ஓரத்தால் வழித்தெடுங்கள். வார்ப்பிரும்பில் பழைய ஷேவிங் பிளேடும் நன்றாக வேலை செய்யும். அலுமினியத்தில் பிளேடு பள்ளம் போட்டுவிடும், அங்கே பித்தளையோ மரக்குச்சியோ போதும்.

நட் உட்காரும் வட்டத்திற்கு, அந்த நட்டுக்குரிய வாஷரை வைத்துச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு உள்ளே மட்டும் சுரண்டுங்கள். பூட்டிய பிறகு வெள்ளி வளையம் எதுவும் வெளியே தெரியாது.

உப்புத்தாளை ஹெட் தளத்தில் கையால் தேய்க்க வேண்டாம். விரல் அழுத்தம் எங்கே அதிகமோ அங்கே பள்ளம் விழும்.

ஸ்டட் ஓட்டைகளின் மரைக்குள் பெயிண்ட் போய்விட்டது. டாப் விட்டு எடுக்கலாமா?

புது மரை போடும் டாப் பெயிண்டோடு கொஞ்சம் இரும்பையும் வெட்டும். 60 வயதைத் தாண்டிய பிளாக்கில் அந்தக் கொஞ்சமும் நமக்கு வேண்டும். அதே அளவு பழைய போல்ட் ஒன்றை எடுத்து, முனையிலிருந்து நீளவாக்கில் ரம்பத்தால் இரண்டு வெட்டுப் போட்டு, பிசிறை அரத்தால் தட்டிவிடுங்கள். அதில் தின்னர் தொட்டு முன்னும் பின்னும் திருகினால் பெயிண்ட் தூள் அந்த வெட்டுக்குள் சேர்ந்துவிடும். பிறகு கம்ப்ரஸர் காற்று. அடி மூடிய ஓட்டைகளில் தூளோ தின்னரோ தங்கினால் போல்ட் இறங்கும்போது அழுத்தம் ஏறி, வார்ப்பு வெடிக்கக்கூட வாய்ப்பு இருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள்.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. இந்த எஞ்சினில் இருப்பது பெரும்பாலும் யு.என்.எஃப். எனப்படும் அங்குல அளவு மரை. நம் ஊர்க் கடையில் கிடைப்பது மெட்ரிக். 5/16 அங்குல யு.என்.எஃப். போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ, அங்குலத்துக்கு 24 மரை. 8 மி.மீ மெட்ரிக் போல்ட்டுக்கு ஒரு மரைக்கு 1.25 மி.மீ இடைவெளி. பார்த்தால் ஒன்று போலவே இருக்கும், முதல் இரண்டு சுற்று ஏறவும் ஏறும். பிறகு இறுகும்போது "பெயிண்ட் பிடிக்குது போல" என்று நினைத்து ஸ்பேனரைப் போட்டால் மரை போய்விடும். கையால் கடைசி வரை ஏறாத போல்ட்டை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள். ஸ்பேனர் அளவுகளும் அங்குலம்தான்: 1/4 அங்குல போல்ட்டுக்கு 7/16, 5/16-க்கு 1/2, 3/8-க்கு 9/16.

பெயிண்டுக்கு முன்பே கழுவியாயிற்று. பூட்டும் முன் மறுபடியும் கழுவ வேண்டுமா?

கட்டாயம். பெயிண்ட் பிடிக்க வேண்டும் என்பதற்காகச் சாமான்களை மணல் அடித்தோ, கண்ணாடி மணி அடித்தோ சுத்தம் செய்திருப்பார்கள். அந்தத் துகள் போகாத சந்து கிடையாது. எனக்குத் தெரிந்த ஒருவர் சம்ப்பையும் ராக்கர் கவரையும் ஒரு பட்டறையில் மணல் அடிக்கக் கொடுத்தார். வெளியே தேய்த்துத் துடைத்துக் கொடுத்தார்கள். ராக்கர் கவரின் உள்ளே ஆயில் மூடிக்குக் கீழே இருக்கும் தகட்டு மடிப்பில் ஒரு தேக்கரண்டி மணல் தங்கியிருந்தது. ஆயில் சூடானதும் அது இறங்கியது. 200 கிலோமீட்டருக்குள் புது பேரிங்குகள் கோடு கோடாகக் கிழிந்துவிட்டன.

அதனால் உள்மடிப்பு உள்ள எந்தத் தகட்டுச் சாமானையும் மணல் அடிக்கக் கொடுக்காதீர்கள். அதை ரசாயனத்தில் ஊறவைத்துத்தான் உரிக்க வேண்டும். பிளாக்கில் ஆயில் போகும் பாதைகளின் அடைப்பான்களைக் கழற்றி, நீளத் தூரிகை விட்டு, சோப்புத் தண்ணீரால் கழுவி, காற்று ஊதி, உடனே எஞ்சின் ஆயில் பூசுங்கள். மண்ணெண்ணெய் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், துகளை அடித்துக்கொண்டு போவது சோப்புத் தண்ணீர்தான். துடைக்க நூல் உதிராத துணி வேண்டும். பனியன் வேஸ்ட் வெளியே துடைக்க நல்லது, உள்ளே அதன் பஞ்சு ஆயில் பம்ப் வடிகட்டியில் போய் உட்காரும்.

பிளாக்கின் உட்பக்கத்திலும் பெயிண்ட் அடிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். அது உரிந்தால் போகும் இடம் ஆயில் வடிகட்டிதான்.

எந்த வரிசையில் பூட்டுவது?

உள்ளே கிராங்க், பிஸ்டன், கேம் எல்லாம் பூட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, பெயிண்ட் அடித்த வெளிச் சாமான்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டைமிங் கவரில் ஆரம்பியுங்கள். கிராங்க் முனையில் ஆயில் எறியும் தட்டு ஒன்று உண்டு. அதில் 'எஃப்' என்ற எழுத்து வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். கவரை வைத்து எல்லா போல்ட்டையும் விரலால் மட்டும் ஏற்றுங்கள். இப்போது புல்லியின் கழுத்தில் ஆயில் தடவி, ஆயில் சீல் வழியாக கிராங்க் மேல் தள்ளுங்கள். புல்லி கவரை நடுவுக்குக் கொண்டுவரும். அதன் பிறகே கவர் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். கவரை முதலில் இறுக்கிவிட்டுப் புல்லியைத் தள்ளினால் சீல் ஒரு பக்கம் மட்டும் அழுந்தும், ஆயில் மறுபக்கம் வரும். முன்பக்கம் ஆயில் கசியும் மைனர்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் இப்படிப் பூட்டியவைதான். புல்லியின் கழுத்துக்குப் பெயிண்ட் அடித்திருந்தால் அதுவும் சீலைத் தின்றுவிடும்.

அடுத்து சம்ப். பிறகு பக்கவாட்டில் இருக்கும் இரண்டு டாப்பெட் கவர்கள். மேனிஃபோல்டு வந்துவிட்டால் அங்கே கை போகாது, அதனால் அவை முந்த வேண்டும்.

ஹெட்டை இறக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: வாட்டர் பம்ப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே விரல் நீளத்தில் ஒரு பைபாஸ் ஹோஸ் இருக்கிறது. இரண்டையும் இறுக்கிய பிறகு அதை நுழைப்பது பெரும்பாடு. ஹோஸையும் கிளிப்புகளையும் முதலிலேயே மாட்டிக்கொண்டு ஹெட்டை இறக்குங்கள். ஹோஸ் ஏறும் குழாய் முனைகளில் பெயிண்ட் இருந்தால் வழித்துவிடுங்கள். பெயிண்டின் மேல் ஏறிய ஹோஸ் சூட்டில் ஒட்டிக்கொள்ளும், அல்லது பெயிண்ட் செதிளுக்கு அடியில் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும்.

மேனிஃபோல்டு, கார்பரேட்டர், டைனமோ, ஸ்டார்ட்டர் எல்லாம் அதன் பின்.

பேக்கிங்குக்கு ஷெல்லாக்கோ சீலண்டோ பூச வேண்டுமா?

ஹெட் பேக்கிங்குக்கு எதுவும் வேண்டாம், உலர்வாகவே போடுங்கள். எது மேல்பக்கம், எது முன்பக்கம் என்று அதிலேயே அச்சடித்திருக்கும். தண்ணீர் பக்கத்துக் காகித பேக்கிங்குகளுக்கு மெல்லியதாக ஒரு பூச்சு போதும். ராக்கர் கவர், டாப்பெட் கவர்களின் கார்க் பேக்கிங்கைத் தகட்டின் பக்கம் மட்டும் ஒட்டவையுங்கள், எஞ்சின் பக்கம் லேசாக கிரீஸ். அடுத்த முறை கழற்றும்போது பெயிண்டோடு பிய்ந்து வராது.

சிலிகான் சீலண்டை அள்ளிப் பூசும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வெளியே பிதுங்குவது போலவே உள்ளேயும் பிதுங்கும்.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

ஹெட் நட் 40 அடி-பவுண்டு, அதாவது 54 நியூட்டன் மீட்டர். நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு ஓரங்களுக்கும் மாறி மாறிப் போக வேண்டும். ஒரே மூச்சில் 40-க்குப் போகாமல் 20, 30, 40 என்று மூன்று சுற்றாக ஏற்றுங்கள். ராக்கர் தாங்கிகளின் சின்ன நட்டுக்கு 25, மேனிஃபோல்டுக்கு 15, வாட்டர் பம்ப்புக்கு 17. கிராங்க் புல்லியைப் பிடிக்கும், கைப்பிடி மாட்டும் அந்தப் பெரிய போல்ட்டுக்கு 70.

சம்ப் போல்ட்டுக்கு 6 அடி-பவுண்டுதான். டாப்பெட் கவருக்கு வெறும் 2. பெரும்பாலான டார்க் ரெஞ்சுகள் அவ்வளவு குறைவாக அளக்காது. குட்டை ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்து, கார்க் லேசாக அமுங்கியதும் நிறுத்திவிடுங்கள். இன்னும் இறுக்கினால் தகடு வளையும், வளைந்த தகட்டில் பெயிண்ட் நரம்பு நரம்பாக வெடிக்கும், கசிவும் நிற்காது.

பூட்டி முடித்தேன், ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுகிறது. பேட்டரி புதிது. என்ன காரணம்?

எர்த். மைனர் எஞ்சின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சின் பக்கத்துக்கும் பாடிக்கும் நடுவே உள்ள பின்னல் பட்டைதான் மின்சாரம் போய்வர ஒரே ராஜபாட்டை. அதன் இரு முனையும் பெயிண்டின் மேல் உட்கார்ந்திருந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் பெரிய கரண்ட் வேறு வழி தேடும். சோக் கம்பி, ஆக்ஸிலரேட்டர் கம்பி வழியாகப் போகும். ஸ்டார்ட் செய்யும்போது சோக் கம்பி சூடானாலோ, புகைந்தாலோ உடனே நிறுத்துங்கள். காரணம் இதுதான்.

பட்டையின் இரு முனைகளிலும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, பூட்டி, மேலே வாசலின் தடவுங்கள். ஸ்டார்ட்டர் உட்காரும் முகத்தையும் அப்படியே செய்யுங்கள். டைனமோ பிராக்கெட்டில் பெயிண்ட் இருந்தால் சார்ஜ் விளக்கு மினுக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் கிளாம்ப்பின் அடியில் இருந்தால் எஞ்சின் காரணம் தெரியாமல் விட்டுவிட்டு அடிக்கும். வெப்பமானி சென்சாரின் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றிச் சுற்றிப் போட்டால் அதற்கும் எர்த் கிடைக்காமல் முள் நகராது.

இந்த வண்டி தொழிற்சாலையிலிருந்து பாசிட்டிவ் எர்த்தாக, அதாவது பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் சேரும்படி வந்தது என்பதை மறக்காதீர்கள். பேட்டரி மாட்டும்போது பழக்க தோஷத்தில் மைனஸை பாடிக்குக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வண்டியை யாராவது முன்பே மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் பச்சையே அடிக்கலாமா?

சாதாரண எனாமல் முதல் நாளே கருகி உதிரும். வெப்பம் தாங்கும் சிலிகான் பெயிண்ட் அடித்தால், டப்பாவில் சொன்னபடி படிப்படியாகச் சூடேற்றித்தான் அது இறுகும். அடித்ததும் நேராக நீண்ட ஓட்டத்துக்கு எடுத்துப்போனால் கொப்பளிக்கும். எனக்குப் பிடித்தது, வார்ப்பிரும்பைக் கம்பித் தூரிகையால் தேய்த்து அப்படியே விடுவது. சில மாதத்தில் அதற்கென்று ஒரு பழுப்பு நிறம் வந்துவிடும்.

பூட்டும்போது கீறல் விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

திறந்த வாய் ஸ்பேனர் வழுக்கும், ரிங் ஸ்பேனர் வழுக்காது. சாக்கெட்டின் வெளிச்சுவரில் இரண்டு சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். வாஷர் இல்லாமல் நட்டை நேரடியாகச் சுழற்றினால் பெயிண்டை உரித்துக்கொண்டே சுழலும். தூக்கும் சங்கிலிக்குப் பழைய டியூப்பைச் சுற்றுங்கள்.

இவ்வளவு பார்த்தும் பத்து இடத்திலாவது கீறல் விழும். அதற்காகத்தான் பெயிண்டில் ஒரு சின்னப் புட்டி மிச்சம் வைக்க வேண்டும். எல்லாம் இறுக்கி முடித்த பிறகு நட் தலைகளுக்கும் கீறல்களுக்கும் மெல்லிய தூரிகையால் தொட்டுவிடுங்கள். கீறலுக்குப் பயந்து நட்டைக் குறைவாக இறுக்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் செய்யாதீர்கள்.

எனாமலில் பெட்ரோல் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். பிரேக் ஆயில் பட்டால் துடைப்பதோடு விடாமல் தண்ணீராலும் கழுவுங்கள், அது பெயிண்டைத் தோலோடு உரித்துவிடும்.

என்ன நிறம்?

மைனரின் ஏ-சீரிஸுக்குப் பச்சை, அதுவும் கொஞ்சம் மங்கலான பச்சை. டைனமோவும் ஸ்டார்ட்டரும் கறுப்பு. பழைய நிறத்தின் மிச்சம் வாட்டர் பம்ப்புக்குப் பின்னால் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் செதிளைப் பெயிண்ட் கடைக்கு எடுத்துப்போய்க் கலந்து வாங்குங்கள்.

எஞ்சின் நம்பர் தகட்டை என்ன செய்வது?

அதன் மேல் பெயிண்ட் படவே விடாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் எண்ணும் அந்த எண்ணும் படிக்கும்படி ஒத்துப்போக வேண்டும். 50 வயதைக் கடந்த, மூல வடிவம் மாறாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய மத்திய அரசு 2021-ல் விதி கொண்டுவந்திருக்கிறது. பதிவு எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். அந்தச் சோதனைக்குப் போகும் நாளில் தகட்டைச் சுரண்டிக்கொண்டு நிற்கக் கூடாது. பட்டுவிட்டது என்றால் பஞ்சில் தின்னர் தொட்டு மெதுவாகத் துடையுங்கள், உப்புத்தாள் கிட்டவே வரக் கூடாது.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது புகை வந்தால் பயப்பட வேண்டுமா?

ஸ்டார்ட் செய்வதற்கு முன், நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, ஸ்டார்ட்டரால் ஆயில் விளக்கு அணையும்வரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். பிறகு பிளக்குகளை மாட்டி, 1-3-4-2 வரிசையில் வயர்களைக் கொடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். நல்ல எஞ்சினில் ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 60 பவுண்டு ஆயில் அழுத்தம் இருக்கும், சூடாகி ஐட்லிங்கில் 15.

புது பெயிண்டின் வாசனையும், மேனிஃபோல்டு பக்கமிருந்து மெல்லிய புகையும் முதல் அரை மணி நேரம் வரும். கைரேகையில் இருந்த எண்ணெய், சிந்திய கிரீஸ், மிச்சத் தின்னர் எல்லாம் காய்கிற புகை அது. நேரம் போகப் போகக் குறையும். குறையாமல் நீலமாக, ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டே இருந்தால் அது ஆயில். டாப்பெட் கவரையும் ராக்கர் கவரின் அந்தப் பக்க ஓரத்தையும் பாருங்கள். கதவைத் திறந்து வைத்தோ, வெளியிலோதான் இதைச் செய்ய வேண்டும்.

அதன் பிறகு?

எஞ்சின் முழுக்கச் சூடாகி, இரவு முழுக்கக் குளிர்ந்த பிறகு ஹெட் நட்டுகளை அதே வரிசையில் மறுபடியும் 40-க்குச் சோதியுங்கள். பரப்புகளை ஒழுங்காகச் சுரண்டியிருந்தால் நட் சிறிதளவே நகரும். கால் சுற்று நகர்ந்தால் எங்கோ பெயிண்ட் நசுங்குகிறது. 500 கிலோமீட்டரில் மீண்டும் ஒருமுறை. ஹெட்டை இறுக்கும் ஒவ்வொரு முறையும் டாப்பெட் இடைவெளி மாறும் என்பதால் அதையும் கூடவே பார்த்துவிடுங்கள்: குளிர்ந்த எஞ்சினில் 0.012 அங்குலம், 0.30 மி.மீ. இதற்கு ஒன்பது கணக்கு உதவும். முன்பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை வால்வுகளை எண்ணுங்கள். 1 முழுக்கத் திறந்திருக்கும்போது 8-ஐ வையுங்கள், 3 திறந்திருந்தால் 6-ஐ. கூட்டினால் எப்போதும் ஒன்பது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றினால் ஒரு ஆளே செய்துவிடலாம்.

இரவில் வண்டிக்கு அடியில் செய்தித்தாள் விரித்து வையுங்கள். முன்பக்கம் சொட்டு விழுந்தால் டைமிங் கவர் நடுவில் இல்லை. பக்கவாட்டில் விழுந்தால் டாப்பெட் கவர். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், ஸ்பிளிட் பின் ஓட்டைக்கு நேர் கீழே ஓரிரு சொட்டு மட்டும் இருந்தால் எஞ்சினை மறுபடி இறக்க வேண்டாம். இந்த எஞ்சினின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது. கிராங்கில் வெட்டிய திருகுப் பள்ளம்தான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது, எஞ்சின் நின்றதும் அது வேலை செய்யாது. அந்த ஓரிரு சொட்டு இந்த எஞ்சினோடு பிறந்தது.